சைக்கிள் ஓட்டும்போது நீ வார்மர் (குளிருக்கு மாட்டும் முழங்கால் உறை) சரிந்து இறங்குகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 15 டிகிரிக்குக் கீழே போனால் முழங்காலை மூடிவிடுவது நல்லது. முழங்கால் சில்லின் மேல் தசையும் இல்லை, கொழுப்பும் இல்லை, எதிர்காற்று நேராக அங்கேதான் அறைகிறது. முதல் 15 நிமிடம் லேசான கியரில், நிமிடத்துக்கு 85–90 சுற்று மிதித்துச் சூடேற்றுவதும் நடக்கிறது. சிக்கல் நீ வார்மரில்தான்.

அரை மணி நேரத்தில் மேல்விளிம்பு சரிந்து, முழங்காலுக்குப் பின்னால் சுருண்டுவிடுகிறது. ஒவ்வொரு மிதிக்கும் அந்த மடிப்பு தோலை அரைக்கிறது. ஷார்ட்ஸுக்குள் 5 செ.மீ. போகுமாறுதான் மாட்டுகிறேன். காலில் லோஷன் இல்லை, துவைக்கும்போது சாஃப்ட்னரும் இல்லை (இரண்டுமே மேல்விளிம்பில் உள்ள சிலிகோன் பட்டையின் பிடியைக் கெடுக்கும்). ஒரு சைஸ் சிறியது நன்றாகப் பிடிக்கலாம், ஆனால் சில்லை அழுத்தினால் அதுவே வலி.

முக்கால் டைட்ஸுக்கு மாறிவிடலாமா? வெயில் ஏறினால் வழியில் கழற்ற முடியாதே!

இன்னொன்று: குளிருக்காக ஷூவில் 3 மி.மீ. தடித்த இன்சோல் போட்டால், சீட்டையும் அதே அளவு ஏற்றுகிறீர்களா? சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும் என்பதால் கேட்கிறேன். வார்மர் பற்றிச் சொல்பவர்கள் தொடைச் சுற்றளவையும் சைஸையும் சேர்த்தே சொல்லுங்கள்.