நீலகிரித் தொகுதி: சுயேச்சைப் பக்கம் ஏன் கை போவதில்லை?

கோத்தகிரி இலைக்காரர்:
எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பச்சைத் தேயிலை விலையைப் பேசாத டீக்கடை கிடையாது, இரண்டு பெரிய கட்சிகளையும் திட்டாத ஆளும் கிடையாது. போன மக்களவைத் தேர்தலுக்கு ஒரு சுயேச்சை வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். நல்ல மனுசன் என்றார்கள். ஓட்டு மட்டும் போடவில்லை. நானும்தான். ஏன்?

கூடலூர் பதினேழு:
ஏன் போடணும் அண்ணே? எங்கள் வீடு பிரிவு 17 நிலத்தில், அதாவது உரிமை யாருக்கென்று இன்னும் முடிவாகாத பழைய ஜன்ம நிலத்தில். கரண்ட் கனெக்ஷனுக்கே வருசக்கணக்கில் அலைச்சல். ராத்திரி யானை வந்து சுவரைத் தள்ளினால் கட்சிக் கிளைச் செயலாளருக்குத்தான் போன் போடுவோம், எடுப்பார். சுயேச்சை தேர்தலுக்கு மறுநாள் எங்கே இருப்பார்? விவரம் தெரியாமல் இல்லை, கணக்குப் போட்டுத்தான் போடுகிறோம்.

குன்னூர் மூடுபனி:
கணக்கு சரி, பந்தயமே கோணல். அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரரை முன்மொழிய ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர். வாபஸ் நாள் முடிந்த பிறகுதான் சின்னம். மிச்சம் இரண்டு மூன்று வாரத்தில் ஊட்டி, கூடலூர், குன்னூர் சுற்றி, கீழே இறங்கி மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் வரை அந்தச் சின்னத்தைக் கொண்டுபோகணும். எந்திரத்திலும் பெயர் கட்சிகளுக்குக் கீழேதான்.

கூடலூர் பதினேழு:
கீழே இருப்பதா பிரச்சினை? 2014இல் இதே தொகுதியில் நோட்டாவுக்கு 46,559 ஓட்டு. காங்கிரஸைத் தாண்டி மூன்றாவது இடம். நோட்டா எல்லாருக்கும் கீழே, கடைசிப் பொத்தான். அதைத் தேடிப் பிடித்த விரலுக்கு மேலே இருந்த சுயேச்சை தெரியவில்லையா?

கோத்தகிரி இலைக்காரர்:
அந்த வருசம் பாஜக வேட்புமனு தள்ளுபடியானதை மறந்துவிட்டீர்களா தம்பி? தங்கள் ஆள் இல்லாத கோபத்தில் எத்தனை பேர் அழுத்தினார்களோ.

கூடலூர் பதினேழு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். தன் கட்சி இல்லையென்றால் யாருமே வேண்டாம் என்கிறார்கள். வேறு ஆளைப் பார்க்கவே மாட்டோம்.

குன்னூர் மூடுபனி:
பார்க்கிறோமே! 2019 டிசம்பரில் கிராம ஊராட்சித் தலைவருக்கு எப்படிப் போட்டோம்? அந்த ஓட்டுச்சீட்டில் கட்சிச் சின்னமே கிடையாது. யார் குழாயைச் சரிபண்ணினார், யார் சாவுக்கு வந்தார் என்று ஆளைப் பார்த்துத்தான் குத்தினோம். பக்கத்தில் பழக்கமான சின்னம் இல்லாவிட்டால் கண் முகத்தைத் தேடுகிறது.

கூடலூர் பதினேழு:
அங்கேயும் அவர் எந்தக் கட்சி ஆள் என்று ஊருக்கே தெரியுமே!

கோத்தகிரி இலைக்காரர்:
தெரியும்தான். தெரிந்தேதான் எனக்கு ஆகாத கட்சிக்காரருக்குப் போட்டேன். எங்கள் மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றியவர் அவர்.

குன்னூர் மூடுபனி:
அப்புறம் என்ன? அரை மணி நேரம் உட்கார்ந்தாரே, அவரை அடுத்த முறை ஊராட்சியில் நிற்கச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் டெல்லிக்கு எதற்கு?

கூடலூர் பதினேழு:
சொல்லுங்க அண்ணே. முதலில் போன் எடுக்கிறாரா பாருங்க.