பெண்ணாகவே வாழ்கிறேன், சான்றிதழில் எதைக் கேட்பது?

வைகைக்கரை (மதுரை), 4 நவம்பர் 2023

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 27 வயது. மதுரையில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிகிறேன். கடந்த ஆண்டிலிருந்து அலுவலகத்திலும் வாடகைக்குத் தங்கியிருக்கும் வீட்டிலும் பெண்ணாகவே வாழ்ந்து வருகிறேன். உடன் பணிபுரிகிறவர்களும் நான் தேர்ந்துகொண்ட பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். மருத்துவர் மேற்பார்வையில் ஹார்மோன் சிகிச்சை நடந்து வருகிறது. அறுவை சிகிச்சை குறித்து இன்னும் முடிவெடுக்கவில்லை. ஒரு தாளில் ஒரு சொல்லை மாற்றுவதற்காக அவசரப்பட்டு அதைச் செய்துகொள்ளவும் விருப்பமில்லை.

ஆதார், பான், வங்கிக் கணக்கு, எம்.காம். பட்டம் என அனைத்திலும் பெற்றோர் வைத்த பெயரே இருக்கிறது. தணிக்கைக்காக வேறு நிறுவனங்களுக்குச் செல்லும்போது, வாயிற்காவலர் என் அட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பதற்குள் உடன் வந்தவர்கள் உள்ளே போய் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

மாவட்ட ஆட்சியரிடம் திருநங்கை என்ற சான்றிதழை வாங்கிவிடு என்று தோழிகள் சொல்கிறார்கள். திருநங்கை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. ஆனால் நான் கேட்பது பெண் என்ற அங்கீகாரம். முதலில் அப்படி வாங்கிவிட்டால் பின்னர் பெண் என்று மாற்ற இயலாமல் போய்விடுமா? எந்த ஆவணத்திலிருந்து தொடங்குவது?

இன்னொன்றும் இருக்கிறது. வரும் தை மாதத்தில் என் தங்கைக்குத் திருமணம். வேட்டி சட்டையில் வருவதானால் வரலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். இதற்குச் சட்டத்தில் விடை இருக்காது என்று தெரியும்; ஆயினும் இதைக் கடந்து வந்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்பதால் கேட்கிறேன்.

கருப்புக்கோட்டு (திருநெல்வேலி), 4 நவம்பர் 2023

சகோதரி, நான் வழக்குரைஞர். உங்கள் முதல் கேள்விக்கு உரிய விடை: இயலாமல் போகாது. சட்டமே அதை இரண்டு படிகளாகத்தான் வைத்திருக்கிறது.

2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் வழங்கிய தீர்ப்பு, ஒருவர் தம்மை ஆண், பெண், மூன்றாம் பாலினம் ஆகியவற்றுள் எதுவாக உணர்கிறாரோ அதையே அரசு ஏற்க வேண்டும் என்றும், அதற்காக அறுவை சிகிச்சையை வலியுறுத்துவது சட்டவிரோதம் என்றும் தெளிவாகக் கூறியது. அந்தத் தீர்ப்பு மட்டும் இருந்திருந்தால் உங்கள் கேள்வியே எழுந்திருக்காது. அதன் பிறகு வந்த 2019ஆம் ஆண்டின் திருநர் (திருநங்கை, திருநம்பி முதலியோர்) பாதுகாப்புச் சட்டம்தான் பாதையைச் சற்றுச் சுற்றிவிட்டது. அதன் 6ஆம் பிரிவின்படி ஆட்சியர் தருவது திருநர் என்ற சான்றிதழ். ஆண் அல்லது பெண் என்ற திருத்திய சான்றிதழுக்கு 7ஆம் பிரிவு அறுவை சிகிச்சையைக் குறிப்பிடுகிறது. தீர்ப்பு திறந்த கதவைச் சட்டம் பாதி சாத்திவிட்டது என்பதே என் கருத்து. சட்டத்தை எதிர்த்த மனுக்கள் உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளன.

ஆனால் பலரும் படிக்காமல் விடுவது அச்சட்டத்தின்கீழ் வந்த 2020ஆம் ஆண்டின் விதிகளை. திருத்திய சான்றிதழுக்கு அடிப்படையாக அவ்விதிகள் சொல்வது மருத்துவச் சிகிச்சை என்ற விரிந்த தொடரை. ஆலோசனையும் ஹார்மோன் சிகிச்சையும் அதற்குள் அடங்கும் என்று விளக்கமும் தந்திருக்கின்றன. ஆகவே, நீங்கள் சிகிச்சை பெறும் மருத்துவமனையின் கண்காணிப்பாளரோ தலைமை மருத்துவ அலுவலரோ சான்று அளித்தால், அறுவை சிகிச்சை செய்துகொள்ளாமலே பெண் என்ற சான்றிதழைக் கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது. சட்டத்தில் அறுவை சிகிச்சை என்றுதானே உள்ளது என்று அலுவலகத்தில் வாதிடுவார்கள். விதிகளின் அச்சுப்படியைக் கையோடு கொண்டு செல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், 90 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

முதற்படியான திருநர் சான்றிதழுக்கு எந்த மருத்துவப் பரிசோதனையும் கிடையாது. திருநருக்கான தேசிய இணையவாயிலில் விண்ணப்பமும் உறுதிமொழிப் பத்திரமும் போதும். 30 நாள்களுக்குள் சான்றிதழ் வழங்கப்பட வேண்டும். நீங்கள் 12 மாதங்கள் தொடர்ந்து வசித்துவரும் மாவட்டத்தின் ஆட்சியரிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், மதுரை முகவரிக்குச் சான்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூத்தவள் (விழுப்புரம்), 5 நவம்பர் 2023

மகளே, சட்டத்தை ஐயா சொல்லிவிட்டார். நான் உன் தங்கையின் திருமணத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் எங்களைப் பெண் என்று ஏற்றுக்கொண்டது ஜமாத் என்கிற எங்கள் திருநங்கைச் சமூகம் ஒன்றுதான். நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை நீக்குவது, முடிந்து நாற்பதாம் நாள் மஞ்சள் பூசிச் சடங்கு செய்து புடவை கொடுத்தால், அதுவே எங்களுக்குச் சான்றிதழ், அதுவே பிறந்த வீடு. பெற்ற வீட்டுத் திருமணங்களுக்கு எங்களில் பலர் போனதே இல்லை. போனவர்கள் முடியை மறைத்துக்கொண்டு, பந்தியில் கடைசியாக உட்கார்ந்து எழுந்து வந்தார்கள். 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கைகள் நல வாரியம் வந்து குடும்ப அட்டை கொடுத்த பிறகுதான், அரசாங்கமே சொல்லிவிட்டது என்று பெற்றவர்கள் சிலர் வாசல்வரை வந்தார்கள். எனவே தாளால் வீட்டில் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லமாட்டேன்.

என் யோசனை இது. அப்பாவிடம் இப்போது வாதாடாதே, தங்கையிடம் பேசு. அது அவளுடைய திருமணம். நாத்தனார் முடிச்சுப் போட யாருமில்லாத வீடுகளில் எங்கள் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்ததையும் பார்த்திருக்கிறேன், மண்டப வாசலில் திருப்பி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். தங்கை உன்னை அக்கா என்று அழைக்கத் துணிந்தால் பாதி உறவினர் வாயை மூடிக்கொள்வார்கள். அவளுக்கும் அந்தத் துணிவு இல்லையென்றால், வேட்டி கட்டிக்கொண்டு போய் நிற்காதே. அன்று எடுக்கும் படம் ஆயுளுக்கும் அந்த வீட்டுச் சுவரில் தொங்கும். திருமணத்துக்கு முன்போ பின்போ தனியாக ஒருநாள் அவளைப் பார்த்துச் சீர் கொடுத்துவிட்டு வா.

நீலாம்பல் (சென்னை), 5 நவம்பர் 2023

தோழிக்கு ஒரு மாற்றுக் கருத்து. நான் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள். 7ஆம் பிரிவின்படி பெண் என்று மாற்றிக்கொள்ளத் தகுதியும் உண்டு. ஆயினும் திருநங்கை என்ற சான்றிதழையே வைத்திருக்கிறேன். நல வாரியத்தின் உதவிகள், 40 வயதைக் கடந்த ஆதரவற்ற திருநங்கைகளுக்கான மாத ஓய்வூதியம், 2015இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அரசு நம்மைச் சேர்த்த ஆணை ஆகியவை எல்லாம் அந்த அடையாளத்தோடு பிணைந்தவை. பெண் என்று மாற்றிய பிறகு இவற்றுக்கு விண்ணப்பித்தால் எந்த மேசையில் என்ன சொல்வார்கள் என்பது எனக்கு நம்பிக்கையளிக்கவில்லை. நல்ல ஊதியமும் நிலையான வேலையும் இருப்பவர் எளிதாக இரண்டாம் படிக்குப் போகலாம். எல்லோருக்கும் அது கட்டுப்படியாகாது. பெண் என்று எழுதப்படாததால் நான் பெண்ணாக வாழ்வது குறைந்துவிட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

வைகைக்கரை (மதுரை), 6 நவம்பர் 2023

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. அக்கா சொன்னதைப் படித்த பிறகு யோசித்துப் பார்த்தேன். உதவித்தொகை எனக்கு இப்போது தேவைப்படவில்லை. நாளை ஒருவரை மணந்துகொள்ளும்போது மணமகள் என்ற இடத்தில் என் பெயர் வர வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்குப் பெண் என்ற சான்றிதழ் கட்டாயமா? தங்கையிடம் நேற்றிரவு பேசினேன். அவள் அழுதாள்; முடிவு எதுவும் சொல்லவில்லை.

கருப்புக்கோட்டு (திருநெல்வேலி), 6 நவம்பர் 2023

கட்டாயமில்லை. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், தூத்துக்குடியில் பதிவாளர் பதிவு செய்ய மறுத்த ஒரு திருமணத்தில், இந்து திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்துப் பதிவு செய்ய உத்தரவிட்டார். கடந்த மாதம் 17ஆம் தேதி ஒருபாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றமும், ஆண் ஒருவரை மணக்கும் திருநங்கைக்கு நடைமுறையில் உள்ள சட்டங்களின்கீழேயே மணவுரிமை உண்டு என்று சொல்லியிருக்கிறது.

ஆவணங்களின் வரிசையை விட்டுவிட்டேன். ஆட்சியரின் சான்றிதழ் வந்ததும் ஆதாரையும் பான் அட்டையையும் அடுத்தடுத்து மாற்றிவிடுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் இரண்டையும் இணைத்துச் சரிபார்க்கும் இடங்களில் சம்பளம், வருங்கால வைப்புநிதி என ஒவ்வொன்றாக நிற்கும். தணிக்கை அலுவலகத்தில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு வங்கி. பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலும், பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். விதிகளின் இணைப்பில் இவ்விரண்டும் பட்டியலிடப்பட்டிருப்பதால் எங்களுக்கு அதிகாரமில்லை என்று அவர்கள் சொல்ல முடியாது. சட்டப்படி அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை. ஆனாலும் தனியார் வங்கிகள் சில அதைத்தான் கேட்கின்றன என்பதால், வெளியிட்டு வைத்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.