1968-ல் ராத்திரி பாசஞ்சர், கரி எஞ்சின்: கதைக்கு விவரம் வேண்டும்

நெய்வாசல்:
குறுநாவல் ஒன்று எழுதுகிறேன். காலம் 1968. ஒரு தாயும் பத்து வயது மகனும் எழும்பூரில் ராத்திரி ஏறி மதுரைப் பக்கம் போகிறார்கள். எக்ஸ்பிரஸுக்குக் காசு இல்லை, பாசஞ்சர்தான், மூன்றாம் வகுப்பு. "கரும்புகையைக் கக்கியபடி எழும்பூரை விட்டு வண்டி புறப்பட்டது" என்று ஆரம்பித்திருக்கிறேன். எந்த எஞ்சின், எங்கே தண்ணீர் பிடிக்கும், ஏன் அவ்வளவு நேரம் ஆகும், பெட்டிக்குள் எப்படி இருக்கும்? சினிமாவில் காட்டுவது வேண்டாம், நடைமுறை வேண்டும்.

மீட்டர்பாதை:
முதல் வரியிலேயே சிக்கல். 1960-களின் நடுவிலேயே எழும்பூர்–விழுப்புரம் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகல) பாதைக்கு 25 கிலோவோல்ட் மின்சாரம் வந்துவிட்டது. தாம்பரம் வரை 1931 முதலே மின்சார ரயில் ஓடியது. 1968-ல் தெற்கே போகும் நெடுந்தூர வண்டியை எழும்பூரிலிருந்து மின் எஞ்சின் இழுத்துப்போனதாக வைப்பதுதான் பொருத்தம். புகையோடுதான் புறப்பட வேண்டும் என்றால் கதையை 1962-க்குத் தள்ளுங்கள். இல்லையென்றால் புகையை விழுப்புரத்தில் ஆரம்பியுங்கள். எழுத்துக்கு அதுதான் நல்ல இடம் என்பேன்.

விழுப்புரத்தில் நடப்பது இது. மின் எஞ்சினைக் கழற்றி ஓரமாக அனுப்புவார்கள். ஷெட்டிலிருந்து 'ஒய்பி' (YP) வகை நீராவி எஞ்சின் மெல்லப் பின்னோக்கி வந்து பெட்டியில் ஒட்டும். மீட்டர்கேஜில் நடுவில் ஒரே பஃபர் (இடிதாங்கி), அதிலேயே கொக்கி. அது இடிக்கும்போது தூங்குகிறவர்கள் எல்லாம் ஒரு குலுக்கல் குலுங்குவார்கள். ஒருவர் நடுவே இறங்கி இணைப்பை மாட்டி, வாக்குவம் பிரேக்கின் குழாயைச் சேர்ப்பார். குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்தால்தான் பிரேக் விடுபடும். டிரைவர் அந்தக் காற்றை உறிஞ்சும் எஜெக்டரைத் திறந்ததும் 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். கடைசிப் பெட்டியில் கார்டின் வாக்குவம் மானியில் முள் ஏற வேண்டும். எஞ்சினில் வாக்குவம் 20 அங்குலம் இருந்தால் கடைசியில் ஓரிரு அங்குலம் குறைவாகக் காட்டும். ஏறவில்லை என்றால் எங்கோ ஒரு ரப்பர் குழாய் ஒழுகுகிறது, அதைத் தேடிக்கொண்டு லாந்தரோடு ஒருவர் நடப்பார். எல்லாம் சரியாக இருந்தாலே பத்துப் பதினைந்து நிமிடம். 'டப் டப்' என்று காற்றுப் பம்ப் அடித்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள், அது ஏர் பிரேக் எஞ்சினின் சத்தம்.

ஒய்பி என்பது முன்னால் நான்கு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. பெரிய சக்கரம் நாலரை அடி விட்டம். கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. எஞ்சினுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் டெண்டரில் பத்து டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கரி, 3,000 காலன் தண்ணீர்.

இதில் முதலில் தீர்வது கரி அல்ல, தண்ணீர். 3,000 காலன் என்றால் 30,000 பவுண்டு. ஒரு பவுண்டு கரி சுமார் ஆறு பவுண்டு தண்ணீரை ஆவியாக்கும் என்று வைத்தால், ஒரு தொட்டி தண்ணீர் தீரும்போது இரண்டேகால் டன் கரிதான் எரிந்திருக்கும். அதாவது ஒரு தடவை கரி ஏற்றினால் நாலு தடவை தண்ணீர் பிடிக்கலாம். ராத்திரியில் வண்டி நின்று, மேலே யாரோ நடப்பதும் தண்ணீர் கொட்டுவதும் கேட்கும் காட்சி உண்மையானது. ஏழெட்டு நிமிடம் வையுங்கள். அந்த நேரத்தில் ஃபயர்மேன் சும்மா நிற்க மாட்டார். நம் கரியில் சாம்பல் அதிகம், தீத்தட்டில் கட்டிகட்டியாக உறைந்து காற்றை அடைக்கும். அதைக் குத்தி உடைக்காவிட்டால் அடுத்த ஏற்றத்தில் நீராவி இறங்கிவிடும்.

ஓர_நடைமேடை:
நேரம் பற்றி. வண்டி மெதுவாக ஓடியதால் அல்ல, நின்றதால்தான் தாமதம். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி 178 கி.மீ. இது கார்டு லைன் (chord, குறுக்கு வழி). கடலூர், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகும் மெயின் லைன் இன்னும் அறுபது கி.மீ. சொச்சம் கூடுதல், டெல்டாவில் ஸ்டேஷன்களும் நெருக்கம். எந்த வழி என்று முதலில் முடிவு செய்யுங்கள், ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஊர்கள் மாறிவிடும்.

ஒரு ஸ்டேஷனில் இரண்டு நிமிடம் நின்றாலும், வேகம் குறைப்பது, நிற்பது, திரும்ப வேகம் பிடிப்பது எல்லாம் சேர்த்து நாலைந்து நிமிடம் போகும். இருபத்தைந்து ஸ்டேஷனுக்கு அதுவே இரண்டு மணி நேரம். அதற்கு மேல் கிராசிங். ஒற்றைப் பாதை, பாசஞ்சருக்கு மரியாதை கடைசி. எதிரே மெயில் வந்தால் ஸ்டேஷனின் பக்கப் பாதையான லூப் லைனில் ஒதுங்க வேண்டும், பின்னால் எக்ஸ்பிரஸ் வந்தால் அதற்கும் வழிவிட வேண்டும். எதிர் வண்டி லேட் என்றால் அரை மணிகூட நிற்பார்கள். பால் கேன், பார்சல், கூடைகள் ஏற்றி இறக்குவது தனி.

ஸ்டேஷன் காட்சிக்கு டோக்கன் பந்தைப் பயன்படுத்துங்கள். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரோடு மணிக்குறி பரிமாறிய பிறகே 'நீல்' (Neale) டோக்கன் கருவியிலிருந்து இரும்புப் பந்து வெளியே வரும். அதைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி எஞ்சினில் கொடுப்பார்கள். அது கைக்கு வராமல் டிரைவர் அடுத்த பிரிவுக்குள் நுழையக் கூடாது. பிளாட்பாரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பதுதான் மணி.

விளக்கையும் கவனியுங்கள். பெட்டிக்கு அடியில் டைனமோ, அச்சிலிருந்து பெல்ட் போட்டு ஓட்டுவது, கூடவே 24 வோல்ட் பேட்டரி. வண்டி ஓரளவு வேகம் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். பாசஞ்சர் பாதி நேரம் நிற்கும், மீதி நேரம் வேகம் பிடிக்கவே போகும். அதனால் நள்ளிரவுக்கு மேல் பல்பு சிவந்து மங்கிவிடும். பெல்ட் அறுந்த பெட்டி என்றால் முழு இருட்டுதான், அதில் யாரும் விரும்பி ஏற மாட்டார்கள். இடம் கிடைப்பதும் அதில்தான்!

கரிக்கண்:
பெட்டிக்குள்: மூன்றாம் வகுப்பு என்றே எழுதுங்கள், 1974-ல்தான் அது ஒழிந்தது. மரப்பட்டி பெஞ்ச், மெத்தை கிடையாது. பாசஞ்சரில் படுக்கை முன்பதிவு எதிர்பார்க்க முடியாது. மேலே சாமான் தட்டைப் பிடித்தவன் ராஜா. மற்றவர்களுக்குத் தரையில் ஜமுக்காளம், குழந்தைகளுக்கு பெஞ்சுக்கு அடியில் இடம்.

கரித்தூள் எக்ஸ்பிரஸைவிட பாசஞ்சரில்தான் அதிகம். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் நீராவியைத் திறக்கும் ரெகுலேட்டரை நன்றாகத் திறந்து, சிலிண்டருக்கு நீராவியை நீளமாக விட வேண்டும். அப்போது புகைபோக்கியில் உறிஞ்சல் பலமாகி, பாதி வெந்த கரித்துகள் குழாய்கள் வழியே வெளியே பறக்கும். ஓட ஆரம்பித்துவிட்டால் நீராவியைக் குறைத்துவிடுவார்கள், தூளும் குறையும். நின்று நின்று கிளம்பும் வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. திருச்சியைத் தாண்டி திண்டுக்கல் போகும் வழியில் அய்யலூர் ஏற்றத்திலும் இதே கதி. கனமான துகள் முதல் இரண்டு மூன்று பெட்டிகளில் விழும், கடைசிப் பெட்டியில் புழுதி. நடுப்பெட்டியில் எஞ்சினுக்கு முதுகு காட்டி உட்காருவதுதான் விவரம் தெரிந்தவர் செய்வது. கண்ணில் விழுந்தால் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் விழியைக் கீறும். உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து அதில் கண்ணை மூடி மூடித் திறக்க வேண்டும். வெள்ளை வேட்டியோடு யாரையும் மதுரையில் இறக்காதீர்கள்.

நெய்வாசல்:
நன்றி, விழுப்புரத்தில் ஆரம்பிக்கிறேன். டிக்கெட் எப்படி இருக்கும்? பையனுக்கும் வேண்டுமா?

ஓர_நடைமேடை:
தடித்த அட்டை, இரண்டேகால் அங்குல நீளம், ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான அகலம். ஊர்ப்பெயர், வகுப்பு, கட்டணம் முன்பே அச்சாகியிருக்கும். கவுண்டரில் மேஜைமேல் உள்ள அச்சில் செருகித் தேதியை அழுத்துவார்கள், 'டக்' என்று சத்தம் வரும். பத்து வயசுக்கு அரை டிக்கெட். இறங்கும் ஊரில் வாசலில் வாங்கிக்கொள்வார்கள், ஆகவே பிற்பாடு அந்த டிக்கெட் டிரங்குப் பெட்டியில் கிடைத்ததாக எழுத வேண்டுமென்றால் அதற்கு ஒரு காரணம் சொல்லுங்கள்.

பாசஞ்சர் கட்டணமும் மெயில், எக்ஸ்பிரஸ் கட்டணமும் வேறுவேறு. பாசஞ்சர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறினால் வித்தியாசமும் அபராதமும் கட்ட வேண்டும். திருச்சியில் பக்கத்து பிளாட்பாரத்தில் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கிறது, அம்மா கணக்குப் போட்டுப் பார்க்கிறாள் என்று ஒரு இடம் வைக்கலாம்.