பெண்ணிய வெளியுறவுக் கொள்கை: ஸ்வீடன் எட்டே வருடத்தில் கைவிட்டது எதைக் காட்டுகிறது?

கடல்நாரை:
"எங்கள் வெளியுறவுக் கொள்கை பெண்ணியக் கொள்கை" என்று உலகில் முதன்முதலாக அறிவித்த நாடு ஸ்வீடன். 2014-ல் வெளியுறவு அமைச்சராக இருந்த மார்கோட் வால்ஸ்ட்ரோம் செய்த வேலை அது. உரிமை, பிரதிநிதித்துவம், நிதி என்று மூன்று அளவுகோல் வைத்தார்கள். எந்த முடிவெடுத்தாலும் இந்த மூன்றிலும் பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் ஆட்சி மாறியது. புதிய அமைச்சர் டோபியாஸ் பில்ஸ்ட்ரோம் வந்த கையோடு அந்தப் பெயரைத் தூக்கிவிட்டார். சமத்துவம் முக்கியம்தான், லேபிள் வேண்டாம் என்பது அவர் நிலை.

இடையில் கனடா (2017-ல், வெளிநாட்டு உதவியில் மட்டும்), பிரான்ஸ், மெக்சிகோ, ஸ்பெயின், ஜெர்மனி, சிலி என்று வரிசை நீண்டுவிட்டது. என் கேள்வி இதுதான்: அடுத்து வரும் அமைச்சர் ஒரு பேட்டியில் ரத்து செய்துவிடக்கூடிய ஒன்று கொள்கையா, விளம்பரப் பலகையா? கனடாவையே பாருங்கள். ஒரு கையால் பெண்களுக்கான உதவி, மறு கையால் சவூதிக்குக் கவச வாகனம். தூதரகம் என்பது சொந்த நாட்டின் நலனைப் பார்க்க வைத்த அலுவலகம். அதன் தலையில் சமூகச் சீர்திருத்தத்தையும் ஏற்றினால் இரண்டுமே உருப்படாது.

நள்ளிரவு வாசகி:
வெறும் பலகைக்காக எந்த நாடும் தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொள்ளாது, கடல்நாரை. 2015-ல் நடந்ததை நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ரைஃப் பதாவி என்ற சவூதி வலைப்பதிவருக்குச் சவுக்கடி தண்டனை கொடுத்ததை வால்ஸ்ட்ரோம் வெளிப்படையாகக் கண்டித்தார். மார்ச்சில் கெய்ரோவில் அரபு லீக் கூட்டத்தில் பேச அழைக்கப்பட்டிருந்தார். சவூதி குறுக்கே நின்று பேசவிடாமல் செய்தது. அதே வாரம் சவூதியுடனான ராணுவ ஒத்துழைப்பு ஒப்பந்தத்தை நீட்டிப்பதில்லை என்று ஸ்வீடன் முடிவெடுத்தது. சவூதி தூதரைத் திரும்ப அழைத்தது, ஸ்வீடன்காரர்களுக்கு வணிக விசாவை நிறுத்தியது. ஒப்பந்தத்தை விட்டுவிடாதீர்கள் என்று ஸ்வீடனின் பெரிய தொழிலதிபர்களே பத்திரிகையில் கடிதம் எழுதினார்கள். அதையும் மீறித்தான் முடிவு வந்தது.

விலை கொடுத்திருக்கிறார்கள். ஓசியில் பேசிவிட்டுப் போகவில்லை.

கடல்நாரை:
கதையை நடுவில் நிறுத்திவிட்டீர்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஸ்வீடன் மன்னரின் கடிதத்தோடு ஒரு தூதுவர் ரியாத் போனார், சமாதானமாயிற்று, தூதரும் திரும்பி வந்தார். 2017 பிப்ரவரியில் இதே அரசின் பிரதமர் ஸ்டீஃபன் லோவென் தலைமையில், வர்த்தக அமைச்சர் ஆன் லிண்டே உட்பட ஒரு குழு ஈரான் தலைநகர் தெஹ்ரான் போனது. குழுவிலிருந்த பெண்கள் எல்லாரும் முக்காடு போட்டுக்கொண்டு அந்நாட்டுத் தலைவர்கள் முன்னால் நடந்தார்கள். அங்கே சட்டம் அப்படி, மீற முடியாது என்றார்கள். சரி, மீற முடியாதுதான். அப்புறம் எதற்கு அந்தப் பெரிய பெயர்?

ஒற்றை வரி:
இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயரும் பிரிட்டன் பிரதமர் தாட்சரும் பெண்கள்தான். போர் நடக்காமல் இருந்ததா?

பழைய கோப்பு:
ஒற்றை வரியாரே, பெண் வந்தால் போர் நின்றுவிடும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆண் தூதர்களிடம் "நீங்கள் வந்ததால் எத்தனை போர் நின்றது?" என்று கேட்டுவிட்டா வேலை கொடுத்தார்கள்?

நான் ஸ்வீடன் பக்கமே போகப் போவதில்லை. பெரிய அறிவிப்புகளைவிடப் பணி விதிகளைப் பார்ப்பது என் பழக்கம். சமத்துவம் செத்துப் பிழைப்பது அங்கேதான். இந்திய வெளியுறவுப் பணியின் 1961-ஆம் வருட நடத்தை விதிகளில் ஒன்று இருந்தது: பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு, குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு அப்படி எதுவும் கிடையாது. நியமன விதிகளில் இன்னொன்று: மணமான பெண் இந்தப் பணியை உரிமையாகக் கோர முடியாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும்கூட 1970-களின் தொடக்கம் வரை கல்யாணம் என்றால் பெண்ணுக்கு வேலை போயிற்று.

இந்தியாவில் இதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனவர் சி.பி. முத்தம்மா. 1949-ல் பணியில் சேர்ந்தவர், 1970-ல் ஹங்கேரிக்குத் தூதராகப் போனவர். முதல்தரப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு 1979-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் முன் வந்தது. வேடிக்கை என்னவென்றால், விசாரணை முடிவதற்குள் அரசு அவசர அவசரமாக அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. ஒரு விதியை ஏற்கனவே நீக்கியாயிற்று, இன்னொன்றையும் நீக்கப் போகிறோம் என்று கோர்ட்டில் சொன்னது. அதனால் மனு தள்ளுபடி! ஆனால் தீர்ப்பில் கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். குடும்பப் பொறுப்பு இடைஞ்சல் என்றால் ஆணுக்கும் அது வரலாமே என்று கேட்டார். பணி விதிகள் எல்லாவற்றிலும் இந்தக் கறை இருக்கிறதா என்று அரசு தேடிப் பார்க்க வேண்டும் என்றும் எழுதினார்.

எந்த அமைச்சரும் இதற்கு "பெண்ணியக் கொள்கை" என்று பெயர் சூட்டவில்லை. ஆனால் ஆட்சி மாறியும் அந்த விதிகள் திரும்பி வரவில்லை பாருங்கள்.

கடல்நாரை:
பழைய கோப்பு ஐயா என் கட்சிக்கே வாதாடுகிறார். விதியை மாற்றுங்கள், பதவி கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? அது உள்நாட்டு நிர்வாகம். அடுத்த நாட்டிடம் போய்ப் பாடம் எடுப்பதுதான் என் பிரச்சினை.

நள்ளிரவு வாசகி:
இரண்டையும் அப்படிப் பிரிக்க முடியாது. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1325-ஆம் தீர்மானம் 2000 அக்டோபர் 31-ல் நிறைவேறியது. அப்போது மன்றத்தின் தலைமை நமீபியாவிடம் இருந்தது. பாடம் எடுக்கிறார்கள் என்கிறீர்களே, அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் ஒருத்தி அந்த ஆப்பிரிக்க நாடு. அமைதிப் பேச்சு நடக்கும் மேசையில் பெண்களும் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்த மேசையை யார் போடுகிறார்கள்? வெளியுறவு அமைச்சகங்கள். நாற்காலி யாருக்கு என்பதையும் அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

அதற்கு மூன்று வருடம் கழித்து, உள்நாட்டுப் போரில் இருந்த லைபீரியா. 2003-ல் கானாவின் அக்ரா நகரில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. தலைவர்கள் ஓட்டலில் சொகுசாக இருந்தார்கள், ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. லேமா போவி தலைமையில் பெண்கள் அந்த அரங்கின் வாசலில் கை கோத்து உட்கார்ந்துவிட்டார்கள். உடன்பாடு வராமல் யாரும் வெளியே போகக்கூடாது என்றார்கள். 2011-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெண்கள் வாசலில் உட்கார வேண்டி வந்ததே, உள்ளே இடம் இல்லாததால்தான்.

கடல்நாரை:
அதாவது காரியம் நடந்தது தெருவிலிருந்து, அமைச்சகத்திலிருந்து இல்லை. உள்ளே இடம் கொடுத்த கதையையும் பார்ப்போம். கொலம்பிய அரசுக்கும் ஃபார்க் கெரில்லாக்களுக்கும் ஹவானாவில் பேச்சு நடந்தபோது, 2014-ல் பாலினத்துக்கென்றே தனித் துணைக்குழு போட்டார்கள். ஒப்பந்தம் முழுக்க அந்தப் பார்வை வந்தது. 2016 அக்டோபரில் பொது வாக்கெடுப்பு, மயிரிழையில் தோல்வி. ஒப்பந்தத்துக்குள் "பாலினச் சித்தாந்தம்" நுழைத்திருக்கிறார்கள், குடும்பம் அழிந்துவிடும் என்று எதிர்த்தரப்பு பிரசாரம் செய்தது. ஒரு போரையே முடிக்கும் காகிதத்தில் இதைச் சேர்த்து எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்க வேண்டுமா?

நள்ளிரவு வாசகி:
பொய்ப் பிரசாரம் செய்தவனை விட்டுவிட்டுப் பிரசாரத்துக்கு ஆளானவர்களைத் திட்டுகிறீர்கள். அடுத்த மாதமே திருத்திய ஒப்பந்தம் கையெழுத்தானது. சில சொற்களை மாற்றினார்கள், பெண்களுக்கான பகுதியைத் தூக்கி எறியவில்லை.

நீங்கள் தொடாத இடத்தை நானே தொடுகிறேன்: கத்தார் தலைநகர் தோஹா. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவும் தாலிபானும் போட்ட ஒப்பந்தத்தில் ஆப்கன் பெண்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. 2024 ஜூன் இறுதியில் ஆப்கன் விவகாரத்துக்காக ஐ.நா. அங்கே கூட்டிய மூன்றாவது கூட்டம் இன்னும் மோசம். பெண்கள் மேசையில் இருந்தால் வரமாட்டோம் என்று தாலிபான் அடம்பிடித்தது, ஐ.நா. ஒத்துக்கொண்டது. தனியார் துறையும் போதைப்பொருள் ஒழிப்பும் பேசுபொருள்கள். பெண் கல்வி அந்தப் பட்டியலில் இல்லை. கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் ஐ.நா.வின் அரசியல் விவகாரத் துறைத் தலைவர் ரோஸ்மேரி டிகார்லோ. தலைமை நாற்காலியில் பெண், ஆனால் யாருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்தப் பெண்களுக்கு அறைக்குள் இடமில்லை. தாலிபான் கிளம்பிய பிறகு ஆப்கன் குடிமைச் சமூகத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். பெண்ணியக் கொள்கை என்று அறிவித்த நாடுகளின் பிரதிநிதிகளும் அந்த மேசையில் இருந்தார்கள். எழுந்து போயிருக்க வேண்டாமா?

கடல்நாரை:
எழுந்து போனால் என்ன ஆகும்? அதே வருடம் பிப்ரவரியில் நடந்த கூட்டத்துக்குத் தாலிபான் வரவே இல்லை. பெண்கள் உட்பட ஆப்கன் பிரதிநிதிகள் வந்தார்கள், பேசினார்கள், கலைந்தார்கள். காபூலில் ஒரு பள்ளிக்கூடம் திறந்ததா? ஆளுகிறவன் இல்லாத கூட்டத்தில் தீர்மானம் போட்டுப் பயனில்லை. பசியில் இருக்கும் ஊருக்குள் உதவி போக வேண்டுமென்றால் கதவைத் திறக்கிறவனோடுதான் பேசியாக வேண்டும். கொடுமைதான், ஆனால் வேறு வழி சொல்லுங்கள்.

பழைய கோப்பு:
பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விருந்தாளிப் பட்டியலையே எதிராளி கையில் கொடுத்தால் பேச்சு தொடங்கும் முன்பே ஒரு சுற்று தோற்றாயிற்று. அடுத்த முறை அவன் இன்னொரு நிபந்தனையோடு வருவான்.

சுருக்கெழுத்து:
நிதி விஷயத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. உதவித் திட்டங்களுக்கு முன்மொழிவு எழுதிக் கொடுக்கும் வேலை சில காலம் பார்த்தேன். பணக்கார நாடுகளின் உதவிக் கணக்கில் ஒவ்வொரு திட்டத்துக்கும் பாலின மதிப்பெண் உண்டு: 0, 1, 2. சமத்துவமே திட்டத்தின் முதல் நோக்கம் என்றால் 2. முக்கியமான நோக்கங்களில் ஒன்று என்றால் 1. சம்பந்தமில்லை என்றால் 0. கனடா 2017-ல் தன் இருதரப்பு உதவியில் 95 சதவீதம் 1 அல்லது 2 வாங்க வேண்டும் என்று இலக்கு வைத்தது, அதில் 15 சதவீதம் 2.

இப்படி ஓர் இலக்கு வந்தால் கீழே என்ன நடக்கும் தெரியுமா? குடிநீர்க் குழாய்த் திட்டம் ஒன்று 0-வோடு திரும்பி வந்தது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "ஒரு பத்தி சேர்த்துவிடும்மா" என்றார். பயனாளர் குழுவில் பெண்களும் இருப்பார்கள், தண்ணீர் சுமக்கும் நேரம் மிச்சமாகும் என்று நாலு வரி எழுதினேன். குழாய் அதே குழாய், பட்ஜெட் அதே பட்ஜெட். மறுவாரம் அது 1 ஆகிவிட்டது.

ஒற்றை வரி:
அடடா, நாலு வரியில் சமத்துவம்.

நள்ளிரவு வாசகி:
சிரிக்கலாம். ஆனால் மதிப்பெண் இருப்பதால்தானே பித்தலாட்டம் வெளியே தெரிகிறது? 1-ஐ நம்பாதீர்கள், 2 எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண்ணை நாலு வரியில் ஏற்ற முடியாது.

சுருக்கெழுத்து:
அது சரி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெளியுறவு என்றால் உச்சி மாநாடு மட்டும்தானா? தூதரக அதிகாரி வீட்டில் வேலை செய்யும் பெண்ணை யோசித்துப் பாருங்கள். விசா முதலாளி பெயரோடு கட்டியது, முதலாளிக்கோ தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கைப்படி வழக்குகளிலிருந்து சட்ட விலக்கு. லண்டனில் ஒரு வீட்டுப் பணிப்பெண் வழக்குப் போட்டார்: வீட்டை விட்டு வெளியே விடவில்லை, மாதக்கணக்கில் சம்பளம் இல்லை என்று. 2022 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அவர் சொல்வது உண்மையென்றால் அது நவீன அடிமைத்தனம், அதில் லாபம் பார்ப்பது வணிகச் செயல், அதற்கு விலக்கு கிடையாது என்று. இரண்டு நீதிபதிகள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். பெண்ணியக் கொள்கை வைத்திருக்கும் நாடுகள் எல்லாம் தங்கள் தலைநகரில் இந்த விசாவை முதலில் சரிசெய்யட்டும்.

பழைய கோப்பு:
அனுப்பும் நாடுகளும் லேசுப்பட்டவை இல்லை. இலங்கையில் 2013-ல் "குடும்பப் பின்னணி அறிக்கை" கொண்டுவந்தார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போக முடியாது. தகப்பனுக்கு அப்படி அறிக்கை எதுவும் கேட்கவில்லை. 2022-ல் டாலர் வறண்டதும் ஐந்து வயது இரண்டு வயதாக இறங்கியது. குழந்தை மேல் இருந்த அக்கறை அந்நியச் செலாவணியைப் பொறுத்துக் கூடிக் குறைகிறது போல!

கடல்நாரை:
இந்த இரண்டும் எனக்குச் சம்மதம். விசா, சம்பளம், விலக்கு எல்லாம் தூதரகத்தின் கைக்குள் இருக்கிற விஷயங்கள். செய்யட்டும். இதற்குப் பெண்ணிய அறிவிப்பு தேவையில்லை என்றுதான் இன்னமும் சொல்கிறேன்.

நள்ளிரவு வாசகி:
அறிவிப்பு இல்லாத காலத்தில் யாரும் செய்யவில்லையே? அறிவித்தவனிடம்தான் "நீ சொன்னாயே" என்று சட்டையைப் பிடித்துக் கேட்க முடியும். உதாரணத்துக்கு ஐ.நா.வின் தலைமைப் பதவி: தொடங்கியதிலிருந்து குட்டெரெஸ் வரை ஒன்பது பொதுச்செயலர்கள், ஒன்பது பேரும் ஆண்கள். 2016 போட்டியில் நின்ற 13 பேரில் 7 பேர் பெண்கள். வந்தது யார் என்று தெரியும்.

கடல்நாரை:
அங்கேயும் பெயர் உதவாது. பொதுச்செயலர் பதவிக்கு யார் என்று பாதுகாப்பு மன்றத்தில் பார்ப்பது இரகசியச் சீட்டில். வீட்டோ, அதாவது தனியாகத் தடுக்கும் அதிகாரம், வைத்திருக்கும் ஐந்து நாடுகளில் பிரான்ஸும் ஒன்று. 2019-லிருந்து பெண்ணிய ராஜதந்திரம் பேசுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு எந்தப் பெயருக்கு எதிராகக் குறி போடுகிறது என்று நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்?

நள்ளிரவு வாசகி:
பார்க்க முடியாது. அதனால்தான் சீட்டுக்கு முன்பே, வேட்பாளர்களில் யாரை ஆதரிக்கிறாய் என்று ஊரறியச் சொல்லச் சொல்கிறேன். வாய் திறக்காவிட்டால் அன்றைக்கு நீங்கள் பலகை என்று சொல்லுங்கள், நான் மறுக்கமாட்டேன்.