பனியனில் ஒட்டிய எண்கள் ஓரம் எழும்புகின்றன, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கபடி ஆடும் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்குப் பெயரும் எண்ணும் போட்ட பனியன் தருவதாக ஒப்புக்கொண்டு, சூடுபட்டால் துணியில் ஒட்டும் வினைல் என்ற பிளாஸ்டிக் தாளில் எழுத்துகளை வெட்டி வாங்கி, வீட்டு இஸ்திரிப் பெட்டியாலேயே ஒட்டி வருகிறேன்.

பருத்திப் பனியனில் முதலில் நன்றாகவே பிடித்தது. ஒரு நாள் கழித்துத் துவைத்தும், 7 என்ற எண்ணின் மேல்முனை நகம் நுழையும் அளவுக்கு எழும்பிவிட்டது. உற்றுப் பார்த்தால், எழும்பிய இடங்கள் பெரும்பாலும் பெட்டியின் நீராவித் துளைகள் படிந்த இடங்களாகவே இருக்கின்றன. தாள் விற்றவர் 150 டிகிரி செல்சியஸில் 15 நொடி அழுத்தச் சொன்னார். என் பெட்டியிலோ பருத்தி, பட்டு என்ற குறிகள்தாம் உண்டு. தண்ணீர் ஊற்றாமல், மரப்பலகையில் விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, தேய்க்காமல் அழுத்தி மட்டுமே எடுக்கிறேன். (தேய்த்தால் எழுத்து நகரும் என்பதை ஒரு பனியனைப் பறிகொடுத்துத்தான் கற்றேன்.)

துளையில்லாத பழைய கனத்த பெட்டி இதற்கு மேலானதா? எழும்பிய ஓரத்தை மறுபடி சூடாக்கினால் ஒட்டுமா, அல்லது முழுதாக உரித்துவிட்டுப் புதிதாகத்தான் ஒட்ட வேண்டுமா? மீதமுள்ள ஐந்தும் சிவப்பு பாலியஸ்டர். அதிகச் சூட்டில் துணி பளபளத்துவிடும் என்பதோடு, சாயம் வெள்ளை எழுத்தில் ஏறிவிடும் என்றும் அஞ்சுகிறேன். குறைந்த சூட்டில் ஒட்டும் வினைலைத் திருநெல்வேலியிலோ தென்காசியிலோ வாங்கியவர்கள், பெட்டியை எந்தக் குறியில் வைத்தீர்கள் என்பதையும் சேர்த்துத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். கொடைக்கு இன்னும் ஒன்பது நாள்களே உள்ளன.