கடல்தண்ணித் தொட்டியில் ஈரல் நிறத்தில் ஒரு ஆடை: இது என்ன பாசி?

கேள்வி (புதுக்குடியிருப்பு)
வணக்கம். 3 அடித் தொட்டி, 180 லீற்றர் வரும். தண்ணி முல்லைத்தீவுக் கடலில் கலனில் அள்ளி வந்தது. இரண்டு கோமாளி மீன், நாலு நத்தை, கொஞ்சக் கல். ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. மூன்று கிழமைக்கு முன் மணலில் கருஞ்சிவப்பாய் ஒரு பொட்டு கண்டேன், இப்போது அது பாதி மணலை மூடி கல்லிலும் ஏறிவிட்டது. பின்னேரமானால் மேலெல்லாம் சின்னச் சின்னக் குமிழி. நேற்று விரலால் ஒரு ஓரத்தைக் கிளப்பினேன், பாலாடை போல முழுத்துண்டாக எழும்பி வந்தது, கையில் சேற்று மணம். நத்தைகள் அதில் வாய் வைப்பதில்லை. மகள் இந்த மீன்களுக்குப் பேர் வைத்து வளர்க்கிறாள், அதனால் பயமாக இருக்கிறது. என்ன மருந்து விடலாம்?

பதில் (கிளிநொச்சி)
மருந்து மட்டும் அவசரப்பட்டு விடாதீங்கோ. நான் நன்னீர்த் தொட்டிக்கு விற்கிற பாசி மருந்தை விட்டேன், அதில் செம்பு இருந்தது தெரியாது. இரண்டு நாளில் நத்தை, இறால் ஒன்றும் மிஞ்சவில்லை. மீன் செம்பைக் கொஞ்சம் தாங்கும், அதுகள் தாங்காது.

பதில் (மாங்குளம்)
தம்பி, ஆடையாக உரிகிறது என்றால் அது பாசியே இல்லை, சயனோபக்டீரியா. நீலப்பச்சைப் பாசி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கூட்டம்தான், ஆனால் சிவப்பு நிறமி கூடினால் இப்படி ஈரல் நிறத்தில் வரும். கபில நிறத்தில் தூசு போலப் படிந்திருந்தால் டயட்டம் என்ற நுண்பாசி என்பேன், அது புதுத் தொட்டியில் வந்து தானாகப் போய்விடும். மூக்குச்சளி போல நூல் நூலாய், நுனியில் குமிழியோடு தொங்கினால் டைனோ, அதாவது டைனோபிளாஜலேற் என்ற நுண்ணுயிர். அதற்கு வைத்தியம் வேறு, தண்ணியில் சத்து அறவே இல்லாமல் போனாலும் அது வரும். அதனால் உறுதிப்படுத்துங்கோ: ஒரு துண்டைத் தொட்டித் தண்ணியோடு போத்தலில் போட்டு நன்றாகக் குலுக்கி, தடித்த துணியில் வடித்து, வடிந்த தண்ணியை ஒரு மணித்தியாலம் லைட்டுக்குக் கீழே வையுங்கோ. திரும்பவும் நூலாகச் சேர்ந்தால் டைனோ. அப்புறம், வற்றுகிற தண்ணிக்கு எதை விடுகிறீர்கள்? லைட் எத்தனை மணித்தியாலம்?

கேட்டவர்
செய்து பார்த்தேன் அண்ணை. சிவப்பெல்லாம் துணியில் நின்றுவிட்டது, தண்ணி தெளிவாகவே இருக்கிறது. லைட் 12 மணித்தியாலம். விடுவது வீட்டுக் கிணற்றுத் தண்ணி, இந்தக் கச்சான் காற்றுக்கு ஒரு நாளைக்கு 2 லீற்றர் போகிறது. கிணற்றுக்குப் பக்கத்தில் மிளகாய்த் தோட்டம்.

பதில் (மாங்குளம்)
அப்ப சயனோதான், காரணமும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். காற்றோடு போவது தண்ணி மட்டும், உப்பும் உரமும் தொட்டியிலேயே நிற்கும். 2 லீற்றர் வீதம் மூன்று மாதம் என்றால் 180 லீற்றர், அதாவது ஒரு முழுத் தொட்டிக் கிணற்றுத் தண்ணியில் இருந்த யூரியாச் சத்து உங்கள் மணலில் கிடக்கிறது. இன்றிலிருந்து குடிக்க வாங்குகிற ஆர்ஓ தண்ணியை மட்டும் விடுங்கோ, உப்படர்த்தி 1.025 இல் நிற்க வேண்டும். ஆடையைக் கையால் கிழிக்காமல் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுங்கோ. பிறகு மூன்று நாள் லைட்டை நிறுத்தித் தொட்டியைப் போர்வையால் மூடுங்கோ. அது செத்து அழுகும்போது ஒட்சிசனை இழுக்கும், ஆகவே காற்றுப் பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும், கரண்ட் போனால் பற்றரியில் ஓடுவது ஒன்று கையில் இருக்கட்டும். அதன்பின் லைட் 8 மணித்தியாலம் போதும், தீனும் பாதி. ஓட்டமில்லாத மூலைக்குப் பம்பின் வாயைத் திருப்புங்கோ. எரித்ரோமைசின் என்ற அன்ரிபயோற்றிக் மருந்து போடச் சொல்லுவார்கள், இதைக் கொல்லும்தான், ஆனால் கழிவை உடைக்கிற நல்ல பக்டீரியாவையும் தாக்கும். கடைசி வழியாக வையுங்கோ.

பதில் (முல்லைத்தீவு)
தண்ணி மாற்ற வரும்போது வட்டுவாகல் பக்கம் அள்ளாதீங்கோ. மாரியில் நந்திக்கடல் களப்பின் வாயைக் கடலுக்கு வெட்டிவிட்டால் வயல்தண்ணி எல்லாம் அதால்தான் கடலுக்கு வரும். மழை விட்டு, கடல் தெளிந்தபின் தள்ளிப்போய் அள்ளுங்கோ.

கேட்டவர்
இரண்டு கிழமை ஆகிறது. மணல் வெள்ளையாகிவிட்டது. பின்பக்கக் கல்லில் உள்ளங்கை அளவு ஒன்று இன்னும் இருக்கிறது, பம்பை அங்கே திருப்பியிருக்கிறேன். மூன்று நாள் மூடியிருந்த போர்வையை எடுத்தவுடன் மகள்தான் முதலில் எண்ணிப் பார்த்தாள்: இரண்டு மீன், நாலு நத்தை.