குழு: நம்ம வீட்டுக் கூட்டம்

பெரியப்பா: ஆற்றோரக் காட்டைப் பூங்கா ஆக்கப்போகிறார்களாம். புதரை வெட்டி, கரைக்குக் கான்கிரீட் சுவர், ஓரமாக நடைபாதை, வழியெல்லாம் விளக்கு. வெள்ளிக்கிழமை வரை கருத்து சொல்லலாம். நான் ஆதரவு என்று எழுதப்போகிறேன்.

சித்தி: எழுதுங்கள் அத்தான். காலாற நடக்க ஒரு இடம் வேண்டாமா? இப்போது உள்ளே போனால் பாம்பு பயம்.

அக்கா: பூங்கா வரட்டும் பெரியப்பா. சுவருக்கும் புதர் வெட்டுக்கும் மட்டும் ஆதரவு கொடுத்துவிடாதீர்கள். மழைத்தண்ணீர் மேட்டிலிருந்து மண்ணையும் உரத்தையும் சாலை எண்ணெயையும் வாரிக்கொண்டு வரும். அதன் வேகத்தைக் குறைப்பதில் பெரிய பங்கு அந்தப் புதருக்கும் சருகுக்கும்தான். வேகம் குறைந்தால் மண் படிந்துவிடும், மண்ணில் ஒட்டிய உரத்துப் பாஸ்பரஸும் பெரும்பாலும் ஆற்றுக்குப் போகாது.

தம்பி: உரத்தில் இருக்கும் நைட்ரேட் தண்ணீரில் கரைந்தல்லவா வரும்? சருகு என்ன செய்யும்?

அக்கா: அது மண்ணுக்கடியில் ஊறி வருகிறது. கரையோரத்தில் ஈரமான, காற்றுப் புகாத, மக்கிய இலை நிறைந்த மண் இருக்கிறதே, அதிலுள்ள பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடும். வேரும் கொஞ்சம் உறிஞ்சும். கான்கிரீட் போட்டால் அந்த ஈர மண்ணே இருக்காது.

பெரியப்பா: அதற்குத்தானே குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது?

அக்கா: கலங்கல் கூடினால் அங்கே செலவும் கூடும். நியூயார்க் நகரம் பெரிய வடிகட்டும் ஆலை கட்டுவதற்குப் பதிலாக, 1997-ல் ஒப்பந்தம் போட்டு, தண்ணீர் வரும் மலைக்காட்டைக் காப்பாற்றியது. அந்தக் கேட்ஸ்கில், டெலவேர் பகுதித் தண்ணீரை இன்றும் வடிகட்டாமல், கிருமி நீக்கிக் குடிக்கக் கொடுக்கிறார்கள்.

சித்தி: அப்படியென்றால் பூட்டுப் போட்டுத்தான் வைத்திருப்பார்கள்.

அக்கா: இல்லை சித்தி. அதற்காக நகரம் வாங்கிய நிலத்தில் பல இடங்களில் நடக்கலாம், மீன் பிடிக்கலாம்.

தம்பி: மீன் என்றதும் வந்துவிட்டேன். நிழல் போனால் தண்ணீர் சூடேறி மீனும் போய்விடும். தண்ணீர் 20 டிகிரியில் இருந்தால் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் தாங்கும், 30 டிகிரி என்றால் ஏழரைதான். விழுந்து கிடக்கும் மரத்தையும் ‘சுத்தம்’ என்று இழுத்துப் போட்டுவிடுவார்கள். குஞ்சுகள் ஒளிவதே அதன் அடியில்தான்.

அத்தை: மீன்கொத்தி மண்கரையில் பொந்து குடைந்து முட்டையிடுகிறது. சுவரில் எங்கே போய்க் குடையும்? விளக்கும் வேண்டாம். பூச்சியெல்லாம் அதைச் சுற்றியே செத்து விழும், வெளிச்சத்துக்குக் கூசும் வௌவால் அந்தப் பக்கமே வராது.

சித்தி: இருட்டில் பெண்கள் எப்படி நடப்பதாம்?

அத்தை: பொழுது சாய்ந்ததும் மூடிவிடட்டுமே.

சித்தி: வேலை முடிந்து வருபவர்களுக்கு அதற்கப்புறம்தானே நேரம் கிடைக்கிறது அண்ணி. இதில் எனக்குச் சம்மதமில்லை.

அக்கா: நுழைவாயில் பக்கம் மட்டும் விளக்கு, தரையைப் பார்த்துக் கவிந்த மாதிரி. அங்கே மாலையிலும் நடக்கலாம். உள்ளே வேண்டாம்.

சித்தி: ம்ம். பார்க்கலாம்.

பெரியப்பா: ஆளாளுக்கு ஒன்று சொல்கிறீர்கள். மனிதர்களுக்கு என்னதான் மிச்சம் வைப்பீர்கள்?

அக்கா: நிறையவே. பாதை கரையிலிருந்து 30 மீட்டர் தள்ளிப் போகட்டும். ஆற்றில் இறங்க இரண்டே இடத்தில் கற்படி. கண்ட இடத்தில் இறங்கினால் மண் மிதிபட்டு இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் கரையை அரித்துக்கொண்டு ஓடும். 30 மீட்டர் தண்ணீருக்குப் போதும், விலங்குகளுக்குப் போதாது. அதனால் எதிர்க்கரையில் பாதையே வேண்டாம், நீர்நாய்க்கு விட்டுவிடலாம்.

சித்தி: பாம்புக்குப் பதில் சொல்லவில்லையே?

அக்கா: பாதையின் இரண்டு பக்கமும் கொஞ்சம் அகலத்துக்குப் புல்லை வெட்டினால் கால் வைக்கும் இடம் தெரியும். அதற்காகக் காடு முழுவதையும் மொட்டையடிக்க வேண்டாம்.

தம்பி: கழிப்பறையைக் கரையில் கட்டிவிடப் போகிறார்கள். மேட்டில் கேள்.

பெரியப்பா: சரி, நீயே எழுது. சுவர் வேண்டாம் என்பதை முதல் வரியிலேயே போடு, கடைசிவரை யாரும் படிக்க மாட்டார்கள். அப்புறம் பெஞ்ச். என் முழங்காலுக்கு நூறு மீட்டருக்கு ஒன்றாவது வேண்டும்.

சித்தி: சாய்மானம் வைத்தது.